ஓடியது எந்த யூபூட்? பீகிள்போன் பிளாக் போர்டில் லினக்ஸ் ஏற்றிய நான்கு மாலைகள்

நண்பர் ஒருவர் சின்னதாக ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறார். கடையில் மூன்று ஃப்ரீசர்கள். இரவில் கரண்ட் போய் வந்தால், எந்த ஃப்ரீசர் எவ்வளவு நேரம் குளிர் இறங்கிக் கிடந்தது என்று காலையில் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. என் மேசை இழுப்பறையில் பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "இதை வைத்துச் செய்து தருகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நான்கு மாலைகள் போயின. வெப்பநிலை சென்சாருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மிச்சம் முழுவதும் போர்டில் லினக்ஸை எழுப்புவதற்கே சரியாக இருந்தது.

அந்த நான்கு மாலைகளிலும் நோட்டில் கிறுக்கி வைத்ததைப் பார்த்து இதை எழுதுகிறேன். போர்டில் பழுது எதுவும் இல்லை. நான் பார்த்த அறிகுறிகளை நானே தப்பாகப் படித்ததுதான் கதை.

போர்டும் திட்டமும்

பீகிள்போன் பிளாக் 2013 ஏப்ரலில் வெளிவந்தது. உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் வரிசைச் சிப். 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு ஆர்ம் கார்டெக்ஸ்-ஏ8 கோர், 512 எம்பி டிடிஆர்3 ராம், போர்டிலேயே சால்டர் செய்த இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப், ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு செருகி. வந்தபோது விலை 45 டாலர். சர்க்யூட் வரைபடம் முழுவதும் பொதுவெளியில் கிடைக்கிறது. அது எவ்வளவு பெரிய உதவி என்று பின்னால் தெரிந்தது.

என்னிடம் இருந்தது ரிவிஷன் பி. அதில் இஎம்எம்சி 2 ஜிபி. 2014ல் வந்த ரிவிஷன் சியில்தான் 4 ஜிபி ஆனது, கூடவே வரும் லினக்ஸும் ஆங்ஸ்ட்ராமிலிருந்து டெபியனுக்கு மாறியது. ஆக, என் போர்டின் இஎம்எம்சிக்குள் பழைய ஆங்ஸ்ட்ராம் லினக்ஸும், அதன் மையமான 3.8 கர்னலும், கர்னலை ஏற்றிவிடும் அந்தக் காலத்து பூட்லோடரும் அப்படியே உட்கார்ந்திருந்தன. இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ரெடிமேடாகக் கிடைக்கும் டெபியன் இமேஜை எஸ்டி கார்டில் எழுதிச் செருகியிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் சிஸ்டம் கெடக்கூடாது. சிஸ்டம் கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் வாசிக்க மட்டும்தான் இருக்க வேண்டும். எனக்குத் தெரியாத எந்த சர்வீஸும் பின்னால் ஓடக்கூடாது. அதனால் யூபூட் என்ற பூட்லோடர், கர்னல் இரண்டையும் மூல வெளியீட்டிலிருந்து நானே கம்பைல் செய்து, மேலே அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலில் தரும் பிசிபாக்ஸ் மட்டும் வைப்பது என்று முடிவு செய்தேன். முதலில் எஸ்டி கார்டில் எழுப்பிப் பார்ப்பது, சரியாக வந்தபின் இஎம்எம்சிக்கு மாற்றுவது என்பது திட்டம்.

மின்சாரம் கொடுத்ததும் நடப்பது

கதைக்குள் போகுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். போர்டுக்கு உயிர் கொடுத்ததும் லினக்ஸ் நேராக வந்துவிடாது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறித்தான் வரும்.

முதலில் எழுவது சிப்பிலேயே பொறிக்கப்பட்ட 176 கேபி பூட் ரோம். அதை யாராலும் மாற்ற முடியாது. மின்சாரம் வந்த கணத்தில், சிஸ்பூட் எனப்படும் சில பின்களில் எது மேலே, எது கீழே இருக்கிறது என்று அது பார்க்கிறது. அதை வைத்து எந்த வரிசையில் தேடுவது என்று முடிவு செய்கிறது. இந்தப் போர்டில் வழக்கமான வரிசை: முதலில் இஎம்எம்சி, அப்புறம் எஸ்டி கார்டு, அப்புறம் சீரியல் போர்ட், கடைசியில் யூஎஸ்பி. எஸ்2 என்ற சின்னப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால் இஎம்எம்சி பட்டியலிலேயே இருக்காது. எஸ்பிஐ, எஸ்டி கார்டு, யூஎஸ்பி, சீரியல் என்று தேடும்.

பூட் ரோமுக்கு வெளியே இருக்கும் 512 எம்பி ராமைப் பற்றி எதுவும் தெரியாது. எந்த நிறுவனத்தின் ராம், என்ன டைமிங் என்பதெல்லாம் போர்டுக்குப் போர்டு மாறும். அதனால் அது சிப்புக்குள்ளேயே இருக்கும் எஸ்ராம் என்ற சின்ன நினைவகத்தில் கொள்ளும் அளவு கோப்பை மட்டுமே ஏற்றும். உச்ச அளவு 109 கேபி. அந்தக் கோப்பின் பெயர் எம்எல்ஓ. யூபூட்டின் குட்டித் தம்பி அது. எஸ்பிஎல் என்றும் சொல்வார்கள். அதன் ஒரே பெரிய வேலை டிடிஆர்3 ராமை உயிர்ப்பிப்பது. ராம் எழுந்ததும் முழு யூபூட்டை அதில் ஏற்றி, அதன் கையில் ஒப்படைத்துவிட்டு எம்எல்ஓ ஒதுங்கிவிடும்.

யூபூட் கர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் ராமில் வைத்துக் கர்னலுக்குள் குதிக்கும். பிசியில் போல என்னென்ன சாதனம் எங்கே இருக்கிறது என்று கர்னலே கேட்டுத் தெரிந்துகொள்ள இங்கே வழி கிடையாது. அந்தப் பட்டியலைக் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் டிவைஸ் ட்ரீ. கர்னல் எழுந்து, ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்து, இனிட் என்ற முதல் நிரலை ஓடவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இதில் ஒவ்வொருவரும் கார்டைப் பார்க்கும் விதம் வேறு. பூட் ரோமுக்குச் சில இடங்கள்தான் தெரியும். யூபூட்டுக்குச் சில ஃபைல் சிஸ்டங்கள் தெரியும். கர்னலுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அது வேறு பெயரில் கூப்பிடும். நான் மாட்டிக்கொண்டது இந்த இடைவெளிகளில்தான்.

முதல் மாலை: கேபிள்

இந்த வேலைக்கு ஹெச்டிஎம்ஐ திரையை நம்பக்கூடாது. கர்னலுக்கு முந்தைய கட்டங்கள் பேசுவதைக் கேட்க சீரியல் கேபிள் வேண்டும். போர்டில் ஜே1 என்று ஆறு பின் கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. 1 கிரவுண்டு, 4 வாங்கும் பின், 5 அனுப்பும் பின். 3.3 வோல்ட் கேபிள்தான் வேண்டும், 5 வோல்ட் கொடுத்தால் சிப்புக்கே ஆபத்து. வேகம் 115200.

நான் அனுப்பும் பின்னை அனுப்பும் பின்னோடு மாட்டிவிட்டு அரை மணி நேரம் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் செய்யாதவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். வயரை மாற்றி மாட்டியதும் எழுத்துகள் ஓடின. மீதி மாலை கம்பைல் செய்வதில் போனது.

கம்பைல் செய்வதில் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. கர்னல் 6.5 வெளியீட்டில் 32 பிட் ஆர்ம் போர்டுகளின் டிவைஸ் ட்ரீ கோப்புகளை நிறுவனவாரியாகத் தனித்தனி கோப்புறைகளுக்குள் மாற்றிவிட்டார்கள். பழைய குறிப்புகளில் இருக்கும் பாதையில் இந்தப் போர்டின் கோப்பைத் தேடினால் கிடைக்காது. இப்போது டிஐ (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) கோப்புறைக்குள் ஓமாப் என்ற உட்கோப்புறையில் இருக்கும். என் பழைய ஸ்கிரிப்ட் "கோப்பு இல்லை" என்று அழுதது. பாதையைத் திருத்தினேன், முடிந்தது.

எஸ்டி கார்டில் இரண்டு பார்ட்டிஷன் போட்டேன். முதலாவது ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் போட்ட சின்னது. அதில் எம்எல்ஓ, யூபூட், அப்புறம் யூபூட்டுக்கு உத்தரவு சொல்லும் யூஎன்வி என்ற டெக்ஸ்ட் கோப்பு. இரண்டாவது லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், அதில் கர்னல், டிவைஸ் ட்ரீ, பிசிபாக்ஸ். கார்டைச் செருகி மின்சாரம் கொடுத்தேன். யூபூட் வந்தது. யூஎன்வி கோப்பைப் படித்தது. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனிலிருந்து கர்னலை ஏற்றப் போய், படிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

முக்கால்வாசி வந்துவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போனேன்.

இரண்டாம் மாலை: படிக்க முடியாத கார்டு

மறுநாள் யூபூட் கட்டளை வரியில் நின்று கார்டைச் சோதித்தேன். ஃபேட் பார்ட்டிஷனில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அழகாகப் பட்டியல் தந்தது. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைக் கேட்டால் வெறும் பிழைச் செய்தி. அதே கார்டை என் லேப்டாப்பில் செருகினால் எல்லாக் கோப்பும் சரியாக இருந்தன. ஃபைல் சிஸ்டம் சோதனை ஓட்டினேன், குறை ஒன்றும் இல்லை.

கார்டு மலிவானது, அதன்மேல் சந்தேகம் வந்தது. வேறு கார்டு மாற்றினேன். அதேதான். பவர் சப்ளைமேல் சந்தேகம். யூஎஸ்பியிலிருந்து எடுப்பதை விட்டுவிட்டு 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் மாட்டினேன். அதேதான். கர்னலைத் திரும்பக் கம்பைல் செய்தேன், அதற்கு எந்தக் காரணமும் இல்லாமல். யூபூட்டையும் சுத்தமாகத் துடைத்துத் திரும்பக் கம்பைல் செய்து கார்டில் போட்டேன். அதேதான்.

இதற்கிடையில் ஒரு சோதனை செய்தேன். யூஎன்வி கோப்பில் ஒரு வரியை மாற்றி, திரையில் என் பெயர் வரும்படி செய்தேன். கார்டைச் செருகியதும் என் பெயர் வந்தது. சரி, கார்டிலிருந்துதான் பூட் ஆகிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். நான்கு மாலைகளில் நான் செய்த பெரிய தப்பு இந்தத் திருப்திதான். அந்தச் சோதனை நிரூபித்தது ஒன்றே ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும் யூபூட், அது எதுவாக இருந்தாலும், கார்டில் இருக்கும் யூஎன்வியைப் படிக்கிறது. அந்த யூபூட் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை.

மூன்றாம் மாலை: 2013

என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு வாட்ஸ்அப்பில் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். அவன் எம்பெடெட் பக்கம் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணா, மேல முதல் வரியில 2013னு போட்டிருக்கே. நீங்க நேத்துதானே கம்பைல் பண்ணதா சொன்னீங்க?"

"எந்த வரிடா?"

"யூபூட்னு ஆரம்பிக்குதே அந்த வரிதான்ணா. வெர்ஷனும் தேதியும் அதுலதான் இருக்கும்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. யூபூட் ஒவ்வொரு முறை எழும்போதும் தன் வெளியீட்டு எண்ணையும் கம்பைல் ஆன தேதியையும்தான் முதலில் அச்சிடும். இரண்டு நாளாக அது என் கண்முன்னே தன் வயதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் கீழே வரும் பிழைச் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாம் பொருந்தியது. பூட் ரோம் வழக்கப்படி முதலில் இஎம்எம்சியைப் பார்த்தது. அங்கே ஆங்ஸ்ட்ராம் காலத்து எம்எல்ஓ நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. அதை ஏற்றியது, அது பழைய யூபூட்டை ஏற்றியது. கார்டு செருகியிருந்தால் முதலில் கார்டைப் பார் என்பது அந்தப் பழைய யூபூட்டுக்கு இருந்த பழக்கம். அதனால் என் யூஎன்வியைப் படித்தது. ஃபேட்டைப் படிக்க அதற்குச் சிரமம் இல்லை. எக்ஸ்ட்4ல்தான் இடித்தது. இப்போதைய லினக்ஸில் எக்ஸ்ட்4 உருவாக்கினால் 64 பிட் முகவரி வசதி தானாகவே சேர்ந்துவிடுகிறது. அதனால் உள்ளே குறிப்பு அட்டவணைகளின் அளவே மாறிவிடுகிறது. 2013ஆம் ஆண்டின் யூபூட்டுக்கு அந்த மாற்றம் தெரியாது. லேப்டாப்பில் படிக்க முடிந்ததற்கும் போர்டில் முடியாததற்கும் காரணம் அவ்வளவுதான்.

அந்த வசதிகளை நிறுத்திவிட்டு எக்ஸ்ட்4 உருவாக்கும்படி சொல்லும் பழைய குறிப்புகள் நிறைய இருக்கின்றன. அப்படிச் செய்திருந்தால் அன்றே கர்னல் ஏறியிருக்கும். ஆனால் நான் கம்பைல் செய்த யூபூட் ஒரு நொடிகூட ஓடாமலே, ஓடிவிட்டது என்று நம்பி, பின்னால் இஎம்எம்சியை அழித்த நாளில் முழிபிதுங்கியிருப்பேன். நல்ல வேளை, அந்தக் குறிப்பு முந்தைய இரண்டு மாலைகளிலும் என் கண்ணில் படவில்லை.

"அப்போ எஸ்2 பட்டனை அமுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா" என்றான் தம்பி.

பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீசெட் பட்டனைத் தட்டினேன். மறுபடியும் 2013. பத்து முறை தட்டியிருப்பேன். கடைசியில் சர்க்யூட் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எஸ்2 பட்டன் செய்வது ரொம்ப எளிமையான வேலை: எல்சிடி டேட்டா 2 என்ற கம்பியைக் கிரவுண்டோடு சேர்க்கிறது. அந்தக் கம்பிதான் சிஸ்பூட் பின்களில் ஒன்று. ஆனால் சிஸ்பூட் பின்களின் நிலை முழு பவர்-ஆன் ரீசெட்டின்போது மட்டுமே உள்ளே பதிவாகும். போர்டில் இருக்கும் ரீசெட் பட்டன் தருவது மின்சாரத்தைத் துண்டிக்காத வார்ம் ரீசெட். அது அந்தப் பதிவைத் தொடுவதே இல்லை. பட்டனை அழுத்தியபடி மின்சாரத்தைப் பிடுங்கித் திரும்பக் கொடுத்தால்தான் பலன்.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. இதே எல்சிடி கம்பிகள் போர்டின் பி8 என்ற நீண்ட பின் வரிசையில் 31லிருந்து 46 வரை வெளியே வருகின்றன. யாராவது அவற்றில் தங்கள் சர்க்யூட்டை மாட்டி, மின்சாரம் வரும் நேரத்தில் அந்தச் சர்க்யூட் கம்பியை மேலேயோ கீழேயோ இழுத்துவிட்டால், போர்டு வேறு வரிசையில் பூட் ஆகத் தேடும், அல்லது எழவே எழாது. சர்க்யூட்டைக் கழற்றினால் எழும். தெரியாதவர்கள் போர்டு எரிந்துவிட்டது என்று குப்பையில் போடுவார்கள். என் சென்சார்களை அந்தப் பக்கமே கொண்டுபோகாமல் பி9 வரிசையில் மாட்டினேன்.

சரி, அடாப்டரைப் பிடுங்கி, எஸ்2வை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பச் செருகினேன். 2013 போய்விட்டது. அதற்குப் பதில் திரையில் ஆங்கில சி எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சி, சி, சி, சி.

முதலில் பயந்தேன், அப்புறம் சிரிப்பு வந்தது. அது பூட் ரோமின் குரல். எங்கே தேடியும் எம்எல்ஓ கிடைக்காமல், கடைசி வழியாக சீரியல் கேபிள் வழியே யாராவது எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் ஒரு கோப்பு அனுப்புங்கள் என்று கேட்கிறது. சிப் நன்றாக இருக்கிறது, பவர் நன்றாக இருக்கிறது, கேபிள் நன்றாக இருக்கிறது, எம்எல்ஓ மட்டும் கண்ணில் படவில்லை என்று இத்தனையும் அந்த ஒரு எழுத்தில் தெரிந்துவிடுகிறது.

ஏன் கண்ணில் படவில்லை? கோப்பு ஃபேட் பார்ட்டிஷனில் இருக்கிறது, பழைய யூபூட் அதைப் பட்டியலிட்டுக்கூடக் காட்டியது. பார்ட்டிஷன் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஃபேட் என்று ஃபார்மேட் செய்தேனே தவிர, அட்டவணையில் அந்தப் பார்ட்டிஷனின் வகையை மாற்ற மறந்திருந்தேன். அது லினக்ஸ் வகை என்றே இருந்தது. யூபூட் அந்த வகை எண்ணைச் சட்டை செய்யாது, உள்ளே இருப்பதைப் பார்க்கும். பூட் ரோம் வகை எண்ணைத்தான் முதலில் பார்க்கும். ஃபேட் இல்லை என்றால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. பழைய யூபூட் ஓடிக்கொண்டிருந்தவரை இந்தத் தப்பும் மறைந்தே கிடந்தது.

வகையைத் திருத்தி, பூட் கொடியையும் போட்டிருந்தால் போதும். ஆனால் எனக்கு ஃபேட்டே வேண்டாம் என்று தோன்றியது. பார்ட்டிஷன் இல்லாமலும் பூட் ரோம் தேடும்: கார்டின் ஆரம்பத்திலும், 128, 256, 384 கேபி தூரங்களிலும் பார்க்கும். எம்எல்ஓவை 128 கேபி தூரத்திலும் முழு யூபூட்டை 384 கேபி தூரத்திலும் நேரடியாக எழுதிவிட்டு, 4 எம்பிக்கு அப்பால் ஒரே ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் போட்டேன். மறுபடி எஸ்2, மறுபடி மின்சாரம்.

முதல் வரியில் நான் கம்பைல் செய்த நேற்றைய தேதி. அந்த வரியைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

நான்காம் மாலை: உயிரோடு இருக்கிறது, பேசவில்லை

புதிய யூபூட் யூஎன்வியை நம்பியிருக்கவில்லை. எக்ஸ்ட்லினக்ஸ் என்ற சின்ன அமைப்புக் கோப்பைத் தேடும். அதில் கர்னல் எங்கே, டிவைஸ் ட்ரீ எங்கே, கர்னலுக்குச் சொல்ல வேண்டிய வரி என்ன என்று எழுதிவைத்தால் போதும். எழுதிவைத்தேன். கர்னல் ஏறியது. "கர்னல் தொடங்குகிறது" என்ற பொருளில் யூபூட்டின் கடைசி வரி வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

எம்பெடெட் லினக்ஸ் வேலையில் ரொம்பப் பிரபலமான மௌனம் இது. டிவைஸ் ட்ரீ தப்பா, கர்னல் செத்துவிட்டதா, ராம் முகவரி மோதிக்கொண்டதா, எதுவாகவும் இருக்கலாம். வழக்கம்போல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் இந்த முறை நோட்டில் மேலே பெரிதாக எழுதியிருந்த கேள்வியைப் பார்த்தேன்: இப்போது ஓடிக்கொண்டிருப்பது யார்?

போர்டின் ஓரத்தில் நான்கு நீல எல்இடிகள் இருக்கின்றன. டிவைஸ் ட்ரீயில் அவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது கர்னலின் இதயத்துடிப்பு: இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி, இரண்டு துடிப்பு. மற்றவை கார்டு, சிபியு, இஎம்எம்சி நடமாட்டத்தைக் காட்டும். பார்த்தேன், முதலாவது எல்இடி துடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் துடிப்பிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். கர்னல் ஏறிவிட்டது. டிவைஸ் ட்ரீ சரியானது, இல்லையென்றால் எல்இடி எந்தப் பின்னில் இருக்கிறது என்றே அதற்குத் தெரிந்திருக்காது. கர்னல் பேனிக்கும் ஆகவில்லை, அதாவது மேலே போக முடியாமல் செயலற்று நிற்கவில்லை; ஆகியிருந்தால் துடிப்பு நின்றிருக்கும். ஆக, கர்னல் உயிரோடு இருக்கிறது, வேறு எங்கோ பேசிக்கொண்டிருக்கிறது.

எங்கே என்பது எளிதாகவே கிடைத்தது. இந்தச் சிப்பின் சீரியல் போர்ட்டுக்குப் பழைய டிரைவர் வைத்த பெயர் டிடிஒய்ஓ0. முதலில் ஓ என்ற எழுத்து, அப்புறம் சுழி என்ற எண். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். புதிய டிரைவர் வந்தபின் எல்லோரையும் போல டிடிஒய்எஸ்0 ஆகிவிட்டது. நான் பழைய யூஎன்வியிலிருந்து அப்படியே டிடிஒய்ஓ0 என்று நகல் எடுத்திருந்தேன். கர்னலை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்து, யாராவது பழைய பெயரைச் சொன்னால் புதிய பெயராக மாற்றிக்கொள்ளும் ஒரு விருப்பத்தை வைத்திருக்கிறார்கள். இயல்பாகவே அது இயங்கும். கர்னலைச் சின்னதாக்குகிறேன் பேர்வழி என்று தேவையில்லாதவற்றை வெட்டியபோது அதையும் சேர்த்து வெட்டியிருந்தேன்.

பெயரைத் திருத்தியதும் கர்னல் வாய் திறந்தது. மளமளவென்று வரிகள் ஓடி, கடைசியில் ரூட் சாதனத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று நின்றது. இதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. நகல் எடுத்த அதே வரியில் ரூட் இரண்டாவது பார்ட்டிஷனில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். ஃபேட்டை எடுத்துவிட்டபின் கார்டில் இருப்பதே ஒரு பார்ட்டிஷன். கார்டு எழ நேரம் எடுக்கும், வரும்வரை காத்திரு என்று சொல்லும் ரூட்வெயிட் என்ற சொல்லும் அந்த வரியில் இருந்தது. பாவம், கர்னல் சொன்ன சொல் தட்டாமல், வராத பார்ட்டிஷனுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. இதயம் துடித்ததற்கும் அதுதான் காரணம். ரூட்வெயிட் இல்லாமல் இருந்திருந்தால் பேனிக் ஆகி, துடிப்பும் நின்று, நான் இன்னும் தப்பான இடத்தில் தோண்டியிருப்பேன்.

பார்ட்டிஷன் எண்ணைத் திருத்தாமல், பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்ணான பார்ட்யூயூஐடியைப் போட்டுவிட்டேன். எஸ்டி கார்டு ஒரு எண்ணிலும் இஎம்எம்சி வேறு எண்ணிலும் வரும். கர்னல் வெளியீட்டைப் பொறுத்து அந்த எண்கள் இடம் மாறியதும் உண்டு. நாளை இஎம்எம்சிக்குப் போகும்போது இதே தலைவலி வேண்டாம்.

அடுத்து வந்தது நிஜமான பேனிக்: வேலை செய்யும் இனிட் எதுவும் கிடைக்கவில்லை. பிசிபாக்ஸ் இருந்தது, அதை ஓடவைக்கும் சி நூலகம் கார்டில் இல்லை. நூலகத்தையும் நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் ஸ்டாட்டிக் முறையில் திரும்பக் கம்பைல் செய்தேன். ஐந்து நிமிட வேலை. ஷெல் வந்தது.

இஎம்எம்சிக்கு மாற்றம்

முதலில் பழைய இஎம்எம்சி முழுவதையும் ஒரு கோப்பாக நகல் எடுத்து லேப்டாப்பில் வைத்தேன். அப்புறம் அதன் முதல் சில எம்பியைச் சுழியால் நிரப்பினேன். 2013 அத்தோடு ஓய்ந்தது. அதே 128, 384 கேபி தூரங்களில் என் எம்எல்ஓவும் யூபூட்டும். பின்னால் இரண்டு பார்ட்டிஷன்: ஒன்று ரூட், வாசிக்க மட்டும், இன்னொன்று வெப்பநிலைப் பதிவுகளுக்கு. கரண்ட் போனால் இரண்டாவதில் கடைசி ஓரிரு பதிவுகள் போகலாம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கார்டைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தேன். நேராக எழுந்தது. அன்று இரவு அடாப்டரை முப்பது தடவையாவது பிடுங்கிச் செருகியிருப்பேன். முப்பது தடவையும் எழுந்தது.

கடையில் வைத்துப் பத்து நாள் கழித்து நண்பர் கூப்பிட்டார். "என்னப்பா, நேத்து ராத்திரி கரண்ட் போய் வந்ததிலேர்ந்து உன் பொட்டி ஒண்ணுமே எழுதலையே?" போய்ப் பார்த்தால் நீல எல்இடி துடிக்கவில்லை. சீரியல் கேபிளை லேப்டாப்பில் செருகி என்டர் தட்டினேன். யூபூட்டின் கட்டளை வரி பவ்வியமாகக் காத்துக்கொண்டிருந்தது.

தப்பு மறுபடியும் என்னுடையது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சீரியல் கேபிளை ஜே1லேயே விட்டிருந்தேன். மறுமுனை எதிலும் செருகப்படாமல் பெட்டிக்குள் தொங்கியது. அப்படித் தொங்கும் கம்பியில் ஃப்ரீசர் மோட்டார் ஓடும்போது என்ன வேண்டுமானாலும் ஏறும். யூபூட் எழுந்ததும் இரண்டு நொடி, யாராவது விசை தட்டுகிறார்களா என்று பார்க்கும். கம்பியில் வந்த இரைச்சல் அதற்கு விசை தட்டியது மாதிரிப் பட்டது. உடனே பூட்டை நிறுத்திவிட்டு, உத்தரவு என்ன என்று கேட்டபடி இரவு முழுவதும் நின்றிருக்கிறது.

கேபிளைக் கழற்றினேன். யூபூட்டின் காத்திருப்பு நேரத்தையும் கழித்தல் 2 என்று மாற்றினேன். அப்படி வைத்தால் ஒரு கணமும் காத்திருக்காது, விசையையும் பார்க்காது. இனி யூபூட்டை இடையில் நிறுத்த எனக்கே வழி கிடையாது என்பது அதற்கான விலை. ஏதாவது கெட்டுப்போனால் எஸ்டி கார்டில்தான் எழுப்ப வேண்டும்.

அந்தக் கார்டைப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் செலோ டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் தம்பிதான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் பக்கத்திலேயே மார்க்கரில் எழுதியும் இருக்கிறேன்: "எஸ்2வை அழுத்திக்கொண்டு அடாப்டரைச் செருகவும். ரீசெட் பட்டன் உதவாது. முதல் வரியில் தேதியைப் பார்."